காதைப் பற்றி எழுதியது காதில் ஏறுமா?

திருப்பூரில் வாழும் நமக்கு இரைச்சல் புதிதன்று. பல்லடம், மங்கலம், சோமனூர்ப் பக்கம் போனால் இரவு பகலாக விசைத்தறி ஓசை. ஊருக்குள்ளோ நிட்டிங் மெஷின், ஓவர்லாக், பவர் டேபிள், காஜா மெஷின், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஜெனரேட்டர். மின்சாரம் நின்றுபோகும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இவ்வளவு சத்தத்திற்கு நடுவிலா இத்தனை நேரம் இருந்தோம் என்று உறைக்கிறது. இந்த ஓசையில் வேலை செய்கிறவர்களில் பெரும் பகுதியினர் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் நமது வகுப்புகளிலும் நம்மோடு அமர்ந்து படிக்கிறார்கள்.

அவர்களுக்குக் காதில் ஒரு கோளாறு வந்தால் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? "கைப்பேசியில் ஹிந்தியில் தேடினால் எல்லாம் கிடைக்குமே" என்று நாங்களும் அலட்சியமாகத்தான் நினைத்திருந்தோம். எங்கள் தெருவிலுள்ள லைன் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் எங்கள் நினைப்பை மாற்றியது.

அங்கே கயா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா குடியிருக்கிறார். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவருடைய நான்கு வயது மகனுக்கு இடது காதில் அடிக்கடி சீழ் வடியும். ஊரில் பாட்டி சொல்லிக் கொடுத்தபடி கடுகு எண்ணெயில் பூண்டைக் காய்ச்சி இளஞ்சூட்டில் காதில் விட்டு வந்தார். ஒருநாள் தம் கைப்பேசியில் ஒரு ஹிந்திக் கட்டுரையைத் திறந்து எங்களிடம் நீட்டி, "பேட்டி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்" என்றார். அவரே ஐந்தாம் வகுப்புவரை ஹிந்தியில் படித்தவர். தாய்மொழிக்காரர் நம்மிடம் வந்து அர்த்தம் கேட்கிறாரே என்று வியப்பாயிருந்தது. எங்களில் சிலர் ஹிந்தி பிரசார சபையின் பிராத்மிக், மத்தியமா தேர்வுகளை எழுதியவர்கள், அவ்வளவுதான்.

கட்டுரையின் தலைப்பிலேயே 'கர்ணஸ்ராவ்' என்றொரு சொல் இருந்தது. அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கர்ண் என்றால் மகாபாரதத்துக் கர்ணனா?" என்று கேட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டதில் தவறேயில்லை. கர்ணம் என்பது வடமொழியில் காது. குண்டலத்தோடு பிறந்த கர்ணனின் பெயரிலும் அந்தக் காதுதான் இருக்கிறது. வீட்டில் பேசும் ஹிந்தியில் காதுக்கு 'கான்' என்பதே சொல். காதில் சீழ் வடிவதை 'கான் பஹ்னா', அதாவது காது ஒழுகுதல் என்பார்கள். இப்படி எழுதியிருந்தால் அந்த அக்காவுக்கு யார் உதவியும் வேண்டியிருந்திராது. காதில் எண்ணெய் விடக்கூடாது என்பதும் அதே கட்டுரையில் இருந்தது! நான்காவது பத்தியில், இரண்டு மூன்று வரிக்கு நீண்டு செல்லும் ஒரு வாக்கியத்தின் வாலில் இருந்தது. அக்கா அதுவரை போய்ச் சேரவேயில்லை.

எழுதியவருக்குப் பொருள் தெரியாமலில்லை. விஷயம் முழுக்கச் சரியானது. ஆனால் படிக்கவேண்டியவரிடம் அது சென்று சேரவில்லை. இதைத்தான் வாசிப்பெளிமை என்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். அதைப் பற்றி நாங்கள் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு கட்டுரை எளிதா கடினமா என்று அளக்க முடியுமா? முடியும் என்றார் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர் 1948-இல் ஒரு சூத்திரம் வகுத்தார். ஒரு வாக்கியத்தில் சராசரியாக எத்தனை சொற்கள், ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்று எண்ணிக் கணக்கிட்டால் மதிப்பெண் கிடைக்கும். 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காக அதையே மாற்றியமைத்து, 'இத்தனையாம் வகுப்புப் படித்தவருக்கு இது புரியும்' என்று சொல்லும்படி செய்தார்கள். நோயாளிகளுக்காக எழுதுவது ஆறாம் வகுப்பு நிலையைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆலோசனை. ஆனால் செவித்திறன் குறைந்தோருக்காக ஆங்கிலத்தில் உள்ள இணையப் பக்கங்களை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, பதினொரு பன்னிரண்டு ஆண்டுகளாவது பள்ளிப் படிப்பு உள்ளவருக்கே அவை விளங்கும் என்று கண்டது. ஆங்கிலம் பேசுவோருக்கே இந்த நிலை!

இந்தச் சூத்திரத்தை அப்படியே நமது மொழிகளுக்குப் பூட்ட முடியாது என்பதை நாங்களே ஒரு நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். 'காதில்' என்பது தமிழில் ஒரே சொல். ஹிந்தியில் 'கான் மேன்' என்று இரண்டு சொற்கள். வேற்றுமை உருபுகளை அங்கே தனித்தனியே எழுதுவதால் வாக்கியத்தில் சொற்களின் எண்ணிக்கை தானே கூடிவிடும். அதனால் வாக்கியம் கடினமாகிவிடாது. தமிழிலோ 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்று இரயில் வண்டிபோல் நீளும் சொல்லைச் சிறு குழந்தைகூட விளங்கிக்கொள்ளும். 'கான்', 'கர்ண்' இரண்டும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று அடுக்களைச் சொல், மற்றது ஏட்டுச் சொல். எண்ணிப் பார்க்கும் சூத்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியுமா? 2012-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஹிந்திக்கும் வங்காளிக்கும் தனி அளவுகோல் அமைக்க முயன்றபோது, ஆங்கிலச் சூத்திரங்கள் பொருந்தவில்லை என்றே கண்டார்கள். கூட்டெழுத்துகள் எத்தனை வருகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். 'கர்ண்', 'ஸ்ராவ்' என்று எழுத்தின் மேல் எழுத்து ஏறி நிற்கும் இடங்களில் அந்த அக்காவின் விரல் தயங்கி நின்றதைப் பார்த்த எங்களுக்கு, இது மிகவும் சரி என்றே படுகிறது.

இப்படிப்பட்ட சொற்கள் எப்படி வந்தன? ஹிந்தி தன் சொல்வளத்திற்கு முதன்மையாக வடமொழியை நாடவேண்டும் என்று நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 351-ஆவது பிரிவு கூறுகிறது. அறிவியல் கலைச்சொற்களை வகுக்க 1961-இல் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. பாடப்புத்தகங்களுக்கு அச்சொற்கள் வேண்டியவைதாம். ஆனால் காதில் சீழ் வடியும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அவை எதற்கு? செவிப்பறையை மக்கள் 'கான் கா பர்தா', அதாவது காதின் திரை என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! ஏட்டில் அது 'கர்ணபடஹ்'. காது மந்தமானவரைப் பற்றி 'ஊஞ்சா சுன்தா ஹை' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உயரமாகக் கேட்கிறார்' என்று வரும். உரக்கச் சொன்னால்தான் கேட்கும் என்பது பொருள். இவ்வளவு நயமான வழக்கு இருக்க, 'ஷ்ரவண் பாதித்' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்?

ஏட்டுச் சொல்லாவது பரவாயில்லை. இயந்திர மொழிபெயர்ப்பு செய்யும் வேடிக்கை அதைவிடப் பெரிது. செவித்திறன் இழப்பு என்பதை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த சில பக்கங்களில் 'சுன்வாயி ஹானி' என்றிருக்கிறது. 'சுன்வாயி' என்றால் நாள்தோறும் செய்தித்தாளில் வருவது நீதிமன்ற விசாரணைதான்! காதைப் பற்றிப் படிக்க வந்தவர் தமக்கு ஏதோ வழக்கு தோற்றுவிட்டது என்று எண்ணினால் அது அவர் குற்றமா? உட்செவியிலுள்ள நுண்ணிய உணர்வணுக்களை 'பால் கோஷிகா', அதாவது முடி அணுக்கள் என்று பெயர்க்கிறார்கள். படிப்பவர் காதில் முளைக்கும் முடியை நினைத்துக்கொள்கிறார்.

ஹிந்திக்காரர்களை மட்டும் சொல்வது நியாயமாகாது. நமது தமிழிலும் 'செவிப்புலன் குறைபாடு', 'நடுச்செவி அழற்சி' என்று எழுதிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'காது மந்தமுங்க', 'காதுல சீழ் வருதுங்க', 'காதுக்குள்ள கொய்யுனு இரையுதுங்க' என்றுதான் மருத்துவரிடம் சொல்வார்கள்.

இன்னொன்று. ஹிந்தி பேசுவோர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஹிந்தியைத் தாய்மொழி என்று கொண்டோர் ஏறக்குறைய 52.8 கோடி, அதாவது நாட்டில் நூற்றுக்கு 43 பேருக்கும் அதிகம். இந்தக் கணக்குக்குள்ளேயே போஜ்புரி பேசும் 5 கோடிப் பேரும், மகஹி பேசும் 1.27 கோடிப் பேரும் அடங்கியிருக்கிறார்கள். கயாவிலிருந்து வந்த நமது அக்கா வீட்டில் பேசுவது மகஹி. பள்ளி ஹிந்தி அவருக்கு இரண்டாவது மொழி. ஏட்டு ஹிந்தி மூன்றாவது மொழி என்றே சொல்லலாம். அதே 2011 கணக்கில் பீகார்ப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர் மட்டுமே. ஐந்தாம் வகுப்புவரை படித்த அக்கா தம் ஊரில் படித்த பெண்களுள் ஒருவர் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

படிக்கத் தெரியாவிட்டால் என்ன, வீடியோவில் கேட்டுக்கொள்ளலாமே என்று வகுப்பில் ஒரு தோழி சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் காது மந்தமானவர் வீடியோவை எப்படிக் கேட்பார்? கண்ணால் படிக்க எழுத்து இடறுகிறது, காதால் கேட்கக் காது ஒத்துழைக்கவில்லை. மற்ற நோயாளிகளுக்கு இல்லாத இந்த இரட்டைத் தொல்லை இவர்களுக்கு மட்டும் உண்டு.

சத்தம் காதை எப்படிக் கெடுக்கிறது என்பதையும் சற்றுப் பார்ப்போம். ஓசை செவிப்பறையில் மோதி, மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவிக்குச் செல்கிறது. அங்கே நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் ஏறக்குறைய 15,000 உணர்வணுக்கள். பயிர் மேல் காற்று வீசினாற்போல் ஓசையில் இவை அசைகின்றன. மெல்லிய காற்றென்றால் பயிர் சாய்ந்து நிமிரும். புயல் என்றால் ஒடிந்துவிடும். ஒடிந்த அணு மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் கூர்மையான ஓசைகள் போகும். 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் மங்கும். ஆகையால், "பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை" என்பார்கள். வலி இராது. பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

இது பழைய கதை. கிளாஸ்கோவில் கொதிகலன் செய்யும் தொழிலாளரின் காதுகளைத் தாமஸ் பார் என்ற மருத்துவர் 1886-இலேயே சோதித்துப் பெரும்பாலோர்க்குக் கேள்வி குறைந்திருக்கக் கண்டார். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைப் பெண்கள், தறி ஓசையில் பேச்சு கேட்காமல், உதட்டசைவாலேயே பேசிக்கொள்ளும் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்களாம். நமது பக்கத்துத் தறிக்கூடங்களிலும் சைகையால் 'டீ வந்தாச்சு' என்று சொல்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இரைச்சலால் வரும் செவிக்கேடு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்படவேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றிருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது நமது நாட்டில் வழங்கும் எல்லை. விசைத்தறிக் கூடங்களில் அதைத் தாண்டிய ஓசையே வழக்கம். ஆனால் டெசிபெல் என்று சொன்னால் தறி ஓட்டும் அண்ணனுக்கு என்ன தெரியும்? எங்களுக்கே அது இயற்பியல் பாடத்தில் வரும் ஒரு சொல். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் நீங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாது. இதற்குக் கருவியும் வேண்டாம், கலைச்சொல்லும் வேண்டாம். பனியன் வேஸ்ட்டையோ பஞ்சையோ காதில் திணித்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உண்டு. அதனால் சத்தம் பெரிதாகக் குறைவதில்லை. அதற்கென்று செய்த காதடைப்பான்தான் வேண்டும். ஒரு ஹிந்திக் கட்டுரையில் இந்தச் செய்தி இருந்தது, 'வ்யக்திகத் சுரக்ஷாத்மக் உபகரண்' என்ற மூன்று பெரிய சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு ஏதோ ஓர் அளவில் கேள்வி குறைந்திருக்கிறது. 43 கோடிப் பேருக்கு அது வாழ்க்கையையே பாதிக்குமளவு. அந்நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மொழிகள் ஆறு. அவற்றுள் ஹிந்தி இல்லை, தமிழும் இல்லை. நமது மத்திய அரசு 2007-இல் செவிட்டுத்தன்மையைத் தடுக்கத் தனியே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. மார்ச் 3-ஆம் நாள் உலக செவித்திறன் நாள். சுவரொட்டிகள் வரும். அவற்றில் என்ன மொழி நடை என்பதை அடுத்த மார்ச்சில் தோழியர் கவனித்துப் பாருங்கள்.

இதை எங்கள் அருட்சகோதரி ஒருவரிடம் சொன்னபோது, அவர் புனித மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். காது கேளாத ஒருவரின் காதில் நம் ஆண்டவர் விரலை இட்டுச் சொன்ன சொல் 'எப்பத்தா'. அது அரமேயம். மாற்கு எழுதியதோ கிரேக்கம். அவர் அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, 'திறக்கப்படு' என்று பொருளையும் உடனே தந்துவிட்டார். தெரியாத சொல்லை வாசகரின் முன் வீசிவிட்டுப் போகவில்லை! திருமுழுக்கின்போது குருவானவர் குழந்தையின் காதைத் தொடும் சடங்கு இதிலிருந்து வந்ததே. எங்கள் பாட்டிமார் சிறுமியராக இருந்தபோது திருப்பலி இலத்தீனில் நடந்ததாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழில் கேட்கத் தொடங்கினார்கள். "அதுவரைக்கும் ஆமென் மட்டுந்தான் கண்ணு புரியும்" என்று ஒரு பாட்டி சொன்னது நினைவுக்கு வருகிறது.

பிறகு நாங்கள் செய்தது சிறிய காரியந்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்து எங்கள் மடத்தில் பணியாற்றும் ஒரு சகோதரியின் உதவியோடு, ஒரு தாளில் எட்டு வரி ஹிந்தியில் எழுதினோம். எங்களுக்குத் தெரிந்த தேர்வு ஹிந்தியில் முதலில், 'சிகித்ஸக் ஸே பராமர்ஷ் கரேன்' என்று பெருமையோடு எழுதியிருந்தோம். சகோதரி அதை அடித்துவிட்டு, 'டாக்டர் கோ திகாயியே' என்று எழுதினார். அதாவது டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்து, 'கான் மேன் தேல் மத் டாலியே', காதில் எண்ணெய் விடாதீர்கள். 'கான் சூக்கா ரக்கியே', காதை உலர்வாக வையுங்கள். எண்ணெய் வரியை எல்லாவற்றிற்கும் மேலே கொண்டுவந்தோம். தாளை அக்காவிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னோம். அவர் எங்கே தடுமாறினாரோ அங்கே மாற்றினோம். மூன்று தடவை மாற்றினோம். நான்காவது முறை நிற்காமல் படித்து முடித்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணம் அங்கேதான் இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் சகோதரி துணைக்கு வர, பையனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். செவிப்பறையில் சிறு ஓட்டை இருக்கிறது, சீழ் நின்று காது உலர்ந்த பிறகுதான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார் மருத்துவர். குளிக்கும்போது தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மருந்தும் தந்தார். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அதன் பின்பக்கம் அக்காவுக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தோம். இப்போது காது உலர்ந்திருக்கிறது. கேள்விச் சோதனைக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வரித் தாளின் நகல் ஒன்றை லைன் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஒடியாக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். ஒடியா எழுதத் தெரிந்த தோழியர் யாரேனும் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு வந்து எங்களைப் பார்க்கவும்.